மூட்டை முடிச்சோடு போனவர்கள்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 'கேம்ப்' என்றால் ஒரே அர்த்தம்தான். "ஐயா கேம்ப்பில் இருக்கிறார்." அதாவது, இன்றைக்குக் கையெழுத்து ஆகாது, நாளை மறுநாள் வா. நான் முப்பத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்தேன். அதில் பெரும்பகுதி, ஐயாக்கள் கேம்ப் போய்வந்து கொடுக்கும் பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்க்கும் மேசையில் கழிந்தது. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், எத்தனை கிலோமீட்டர், எங்கே தங்கல். இந்த நான்கு கலமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே பிழைப்பு.

அதனால், டெக்சாஸில் இருக்கும் இளைய மகனும் மருமகளும் "கேம்ப்பிங் போறோம்ப்பா" என்று சொன்னபோது எனக்கு உடனே பிடிபடவில்லை. காரின் பின்னால் கூடாரம், அடுப்பு, தண்ணீர்க் கேன், படுக்கைப் பை எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஓக்லஹோமா, அமரில்லோ, சாண்டா ஃபே, அரிசோனா என்று இரண்டு வாரம் சுற்றினார்கள். ராத்திரியானால் வெட்டவெளியில் கூடாரம். என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "ஏங்க, லட்ச லட்சமா செலவு பண்ணி வீடு வாங்கிட்டு, வீடு வாசல் இல்லாதவங்க மாதிரி பொட்டல்ல ஏன் படுக்கணும்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் இதில் புதிதாக ஒன்றும் இல்லை, நம் சென்னைப் பட்டணத்து அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் இருநூறு வருடத்துக்கு முன்பே குடும்பத்தோடு இப்படிப் போய்வந்திருக்கிறார் என்று சொன்னேன். சொன்ன பிறகு, எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அவர் பெயர் ஏனுகுல வீராசாமி. தெலுங்கர். 1801இல் சென்னையில் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர், அந்தக் காலத்துப் பேச்சில் துபாஷி வேலை. கோர்ட்டில் விடுப்பு வாங்கிக்கொண்டு, 1830ஆம் வருடம் மே மாதம் 18ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை இரவில் காசி யாத்திரைக்குக் கிளம்பினார். திரும்பி வந்தது 1831 செப்டம்பர் 3. பதினைந்து மாதத்துக்கும் மேல்! எங்கள் காலத்தில் ஈட்டிய விடுப்பு, அரைச் சம்பள விடுப்பு, மருத்துவ விடுப்பு எல்லாவற்றையும் கூட்டிக் கேட்டிருந்தாலும், நிர்வாகப் பிரிவு கண்காணிப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

அவரோடு வீட்டுப் பெண்டிர், உறவினர், வேலைக்காரர், பல்லக்குத் தூக்குபவர், சுமை தூக்குபவர் என்று ஏறக்குறைய நூறு பேர் போனார்கள். போகும் வழியெல்லாம் அவர் குறிப்பு எழுதி, கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளை என்ற நண்பருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். வீராசாமி 1836இல் காலமானார். அந்த நண்பர் 1838இல் எல்லாவற்றையும் சேர்த்துத் தெலுங்கில் 'காசியாத்ர சரித்ர' என்று புத்தகமாக்கினார். பிறகு 1941இல் திகவல்லி வேங்கட சிவராவ் அதைத் திருத்தமாகப் பதிப்பித்தார். ஆங்கிலத்திலும் பின்னால் வந்திருக்கிறது.

வழி எது என்று நம் பக்கத்து வாசகர்கள் கேட்பார்கள். இரும்புலியூரில் பைபாஸ் ஏறி, போரூர், மதுரவாயல், அம்பத்தூர் என்று வடக்கே போய்ப் புழலில் இறங்கினால் கொல்கத்தா நெடுஞ்சாலை வந்துவிடும். வீராசாமி பட்டணத்திலிருந்து கிளம்பியதும் அந்தப் பக்கம்தான். மாதவரம் தாண்டி, காளஹஸ்தி, திருப்பதி. அங்கிருந்து கடப்பை, அகோபிலம், ஸ்ரீசைலம், கர்நூல், ஐதராபாத். பிறகு நிர்மல் காடுகளைத் தாண்டி நாக்பூர், ஜபல்பூர், பிரயாகை, காசி. வரும்போது கயை, கல்கத்தா, பூரி, கஞ்சம், விசாகப்பட்டணம், ராஜமகேந்திரம், மசூலிப்பட்டணம், நெல்லூர். கங்கையில் கொஞ்ச தூரம் படகு. மற்றதெல்லாம் தரை.

நான் அதைப் படித்தது பயணப்படிக் கண்ணோடுதான். அந்தக் கண் அவ்வளவு சுலபத்தில் போகாது. சொல்கிறேன், எந்த ஆடிட்டரும் வீராசாமியிடம் ஆட்சேபணை எழுத முடியாது! ஒவ்வொரு தங்கலுக்கும் இத்தனை மைல், பாதை மணலா கல்லா சேறா, சத்திரம் உண்டா, கடை உண்டா, கடையில் என்ன கிடைக்கும், தண்ணீர் எப்படி, எந்த ஊரில் எந்த நாணயம் செல்லும் என்று எழுதிக்கொண்டே போகிறார். பின்னால் வருகிறவன் படித்துவிட்டு அதே வழியில் போகலாம். ஊர்ப் பெருமை, கோயில் பெருமை எல்லாம் உண்டு. ஆனால் முதலில் தண்ணீர்.

ஒரு நாளில் நடந்து கடக்கும் தூரத்துக்குத் தெலுங்கில் 'மஜிலி' என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு 'எத்தாப்' என்று ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார்கள். அதே பொருள்தான். படை ஒரு நாள் நடந்து போய்த் தங்கும் இடம், அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் எல்லாமே எத்தாப். இப்போது சைக்கிள் பந்தயத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். மாடும் மனிதனும் நடக்கிற வேகத்தில் ஒரு எத்தாப் பத்துப் பன்னிரண்டு மைல். அதற்குமேல் போனால் மாடு படுத்துவிடும்.

வீராசாமிக்கு முன்னால் தஞ்சாவூர் சரபோஜி மகாராஜா 1820இல் காசிக்குப் போயிருக்கிறார், சுமார் மூவாயிரம் பேரோடு. அது ராஜாவின் சமாசாரம், நடமாடும் ஊர். ஆனால் சாதாரண ஜனங்களும் போனார்கள். அவர்களுக்கு நம் ஊர்ச் சாலைகளில் கூடாரம் தேவைப்படவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து ராமேசுவரம் போகிற வழியில் சத்திரத்துக்குச் சத்திரம் கைக்கு எட்டும் தூரம். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை சரபோஜி 1802இல் கட்டியதே வழிப்போக்கர் பசியாறத்தான். கூரை, கிணறு, அடுப்புக்கு இடம், சில இடங்களில் சோறும். நம்மவர்கள் கூடாரம் தூக்காததற்குக் காரணம் சுகவாசம் அல்ல. வழியில் யாரோ ஒரு புண்ணியவதி பெயரில் கூரை கட்டி வைத்திருந்தார்கள். சத்திரங்கள் அருகிப்போகிற தக்காணத்துப் பொட்டலில்தான் தோப்பு நிழலும் கூடாரமும் வேண்டியிருந்தன. அதுவும் மே மாதம் கிளம்பினால், கிருஷ்ணை தாண்டும்போது மழை பிடித்துக்கொள்ளும். கரிசல் மண்ணில் மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். நாக்பூருக்கு வடக்கே வேறு பயம். தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைகாரக் கூட்டத்தை ஸ்லீமன் என்ற வெள்ளைக்காரர் பிடித்துத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த காலமும் இடமும் அதுதான்.

இத்தனைக்கும் நடுவில் குடும்பத்தோடு ஏன் போனார்கள்? காசிக்குத் தனியாகப் போனால் பாதிப் புண்ணியம் என்பார்கள். பிரயாகையில் வேணி தானம் என்று ஒரு சடங்கு உண்டு. கணவன் தன் கையால் மனைவியின் தலையை வாரிப் பின்னி, பின்னலின் நுனியைக் கத்தரித்துத் திரிவேணியில் விட வேண்டும். தென்னாட்டுத் தம்பதிகள் இன்றும் செய்கிறார்கள். வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியும் மனைவியின் தலையை ஒரு நாளும் வாரிவிடாத மனிதர்கள், ஆயிரம் மைல் நடந்துபோய் அங்கே சீப்பும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அதற்கும் வரி உண்டு. பிரயாகையிலும் கயையிலும் பூரியிலும் யாத்திரைக்காரர்களிடம் கம்பெனி வரி வசூலித்தது. 1840இல்தான் அதை நிறுத்தினார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் என் மனைவி கேட்டாள்: "அந்த நூறு பேருக்கு யார் சமைச்சா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் அமெரிக்கா பக்கம் போக வேண்டியிருந்தது.

மகன் போன சமவெளியை அங்கே 'ப்ரேரி' என்கிறார்கள். அது எங்கள் பள்ளிக்கூடப் பிரெஞ்சுச் சொல். புல்தரை என்று பொருள். அந்த நிலம் முழுவதும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டது. இன்னும் வேடிக்கை, 1719இல் பாரிஸில் பல கம்பெனிகளை ஒன்றாக்கி அமைத்த பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் கையில், புதுச்சேரியும் மிசிசிப்பி ஆற்றோரத்து லூயிசியானாவும் ஒரே சமயத்தில் இருந்தன. 1731இல் லூயிசியானாவை அரசரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது கைமாறிக் கைமாறி, 1803இல் நெப்போலியன் அதை அமெரிக்காவுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றார். எங்களுக்கும் ஓக்லஹோமாவுக்கும் ஒரே முதலாளி என்று மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, கணக்குக்குக் கணக்கு சரியாக இருக்கிறதே!

மிசௌரியிலிருந்து சாண்டா ஃபே வரை, சுமார் 900 மைல் வணிகப் பாதை 1821 முதல் இருந்தது. 1846 ஜூன் மாதம் அந்தப் பாதையில் ஒரு தம்பதி கிளம்பியது. கணவர் சாமுவேல் மகாஃபின், 45 வயது வியாபாரி. மனைவி சூசன் ஷெல்பி மகாஃபின், பதினெட்டு வயது. கென்டக்கி மாநிலத்தின் முதல் கவர்னருடைய பேத்தி. கல்யாணமாகி ஏழு மாதம்கூட நிறைவடையவில்லை. சூசன் வழிநெடுக நாட்குறிப்பு எழுதினாள். அதை 1926இல் யேல் பல்கலைக்கழகம் அச்சிட்டது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 66ஆம் எண் சாலையை அறிவித்ததும் அதே வருடம். இன்று கூடாரத்தோடு போகிறவர்கள் எல்லாம் பேர் சொல்லிப் பேசும் சாலை அது.

அவளும் வீராசாமி மாதிரியே கணக்கு எழுதுகிறாள். ஒவ்வொன்றையும் ஆறு ஜோடி மாடு இழுக்கும் பெரிய வண்டிகள் 14, சாமான் வண்டி ஒன்று, தாங்கள் உட்கார ஒரு கோச்சு, இருபது ஆண்கள், ஒன்பது கோவேறு கழுதை, சுமார் 200 மாடு, இரண்டு குதிரை, ரிங் என்ற நாய். ஜேன் என்ற பணிப்பெண் தனி வண்டியில் வந்தாள். கூடாரம் பிலடெல்பியாவில் செய்தது. உள்ளே கட்டில், மேசை, தரையில் விரிப்பு. கூடாரம் அடித்துக் கழற்ற மெக்சிகோக்காரர்கள் மூன்று பேர். கேம்ப் எழுத்தர் இல்லாத குறைதான்!

ஆனால் அந்தப் பாதையில் சத்திரம் கிடையாது. ஆர்க்கன்சாஸ் ஆற்றங்கரையில் பென்ட் என்ற வியாபாரிகளின் மண்கோட்டை ஒன்று மட்டும். விறகும் இல்லை. மரமே இல்லாத சமவெளியில் காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கி எரித்துத்தான் அந்தப் பாதையில் சமையல். இதைப் படித்துச் சொன்னபோது என் மனைவிக்கு அமெரிக்கா மீது முதல்முறையாக மரியாதை வந்தது. "நம்ம வறட்டிதானே!"

முதலில் சூசனுக்கு எல்லாம் சந்தோஷம். பூப்பறிக்கிறாள், தண்ணீரில் கால் நனைக்கிறாள். பிறகு ஆற்றோரத்துக் கொசு படையெடுக்கிறது. ஜூலை 4ஆம் தேதி ஆஷ் என்ற ஓடையின் கரையில் கோச்சு குடை சாய்கிறது, அவளுக்கு நல்ல அடி. ஜூலை கடைசியில் பென்ட் கோட்டையில் படுத்த படுக்கை. ஜூலை 30 அவளுக்குப் பத்தொன்பது வயது நிறைகிறது. மறுநாள் கரு கலைந்தது. அதே கோட்டையில், கீழே இருந்த அறையில், ஒரு செவ்விந்தியப் பெண்ணுக்கு அன்று பிள்ளை பிறந்தது. அவள் அரைமணி நேரத்தில் ஆற்றுக்குப் போய்க் குளித்தாள் என்று சூசன் எழுதிவைத்திருக்கிறாள். ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, சாண்டா ஃபே போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து எல் பாசோ, சிவாவா என்று மெக்சிகோவுக்குள் போனார்கள். அப்போது அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் வேறு. 1847இல் மாட்டமோராஸ் என்ற ஊரில் மஞ்சள் காய்ச்சலில் படுத்திருந்தபோது பிறந்த ஆண் குழந்தையும் தங்கவில்லை. 1855இல் அவளும் போய்விட்டாள். முப்பது வயது ஆகவில்லை.

வீராசாமியின் புத்தகத்தில் மைல் கணக்கும் நாணயக் கணக்கும் கிடைத்தன. உடன் போன பெண்களில் யாராவது இப்படி எழுதி வைத்திருந்தால் அந்தப் பதினைந்து மாதம் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்கும். பல்லக்கில் ஏறிய பெண்களும் சரி, அடுப்பு மூட்டிய பெண்களும் சரி, யாரும் எழுதவில்லை. சூசன் பக்கத்தில் ஜேன் எழுதவில்லை. பிள்ளை பெற்று ஆற்றில் குளித்தவளின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

விரும்பிப் போகிறவன் கூடாரம் ஒன்று, விரட்டப்பட்டவன் கூடாரம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். வீராசாமி கிளம்பிய பத்தாம் நாள், 1830 மே 28 அன்று, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த செவ்விந்தியர்களை மேற்கே அனுப்பும் சட்டம். 1838, 39இல் செரோக்கி மக்கள் சுமார் 16,000 பேரை ஓக்லஹோமாவுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். சுமார் 4,000 பேர் செத்துப்போனதாகக் கணக்கு. மகன் கூடாரம் அடித்த மாநிலம் அது. அவர்களுக்கும் மஜிலி உண்டு, எத்தாப் உண்டு. படி கொடுக்க யாரும் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. நான் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பு, புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை தீபத்துக்கு என் தாத்தாவும் பாட்டியும் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அறுபத்தைந்து மைலுக்குக் குறையாது. பிரெஞ்சு எல்லையைத் தாண்டும்போது சுங்கக்காரன் அரிசி மூட்டையில் கம்பியைக் குத்திப் பார்ப்பானாம். தாத்தாவின் கணக்கு நோட்டு ரொம்ப நாள் எங்கள் வீட்டில் இருந்தது. வைக்கோல், புண்ணாக்கு, சுங்கம், கற்பூரம், லாடம், வண்டிக்காரர் கூலி. ஒரு காசு பிசகாது. நான் அந்த உத்தியோகத்துக்குப் போனது ரத்தத்தில் வந்ததுதான் போலிருக்கிறது.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொன்னதில் காசுக் கணக்கே வராது. ஒவ்வொரு தங்கலையும் கிணற்றை வைத்துத்தான் சொல்வாள். இருட்டில் ராந்தல் வண்டி அச்சில் ஆடிக்கொண்டு போகும். மாட்டின் நிழல் சாலையோரப் புளியமரத்தில் யானை மாதிரி தெரியும். மூன்று கல் வைத்து அடுப்பு. புளிச்சோறு இரண்டு நாளைக்குத் தாங்கும், அதற்குமேல் ஆக்க வேண்டும். பெண்கள் வெளிக்குப் போவதும் குளிப்பதும் கோழி கூவும் முன்னே முடிந்துவிட வேண்டும். அதனால் அவள் எந்த ராத்திரியும் முழுதாகத் தூங்கியதில்லை.

நான் பல தடவை கேட்டு வாங்கிய அந்த வரிசையை, மறப்பதற்குள் இங்கே எழுதிவிடுகிறேன். முதல் ராத்திரி வில்லியனூர் தாண்டி ஒரு தோப்பு. உப்புத் தண்ணீர், குடத்தில் கொண்டுபோனதைத்தான் குடித்தார்கள். இரண்டாம் ராத்திரி விழுப்புரத்துக்கு இப்பால், படி வைத்த கிணறு, நல்ல தண்ணீர். மூன்றாம் ராத்திரி கண்டாச்சிபுரம் பக்கம். அங்கே வண்டிக்காரரைக் கிணற்றங்கரைக்கு வர விடவில்லை. மாட்டுக்கு இறைத்துக்கொள்ளலாம், அவர் தொடக்கூடாது என்றார்கள். பாட்டியே கயிறு போட்டுச் சேந்தி, மாட்டுக்கு ஊற்றி, அவர் கையில் ஊற்றி, கால் கழுவவும் ஊற்றினாள். கை இரண்டும் கொப்புளித்துவிட்டதாம். நாலாம் ராத்திரி மலை தெரிந்தது, யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், பெரிய செம்பு நிறைய, வண்டிக்காரருக்கும் சேர்த்து.